டண்டாக்கிலிருந்து அப்பாவுக்கு

டண்டாக், அயர்லாந்து
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, செல்வி எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இங்கே ஜனாதிபதி தேர்தல் நடந்ததைப் பேப்பரில் பார்த்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா ஓரத்தில் பென்சிலால் ஒன்று கேட்டிருக்கிறாள். முதலில் அம்மாவுக்குப் பதில்.

குளிர் பிரமாதமில்லை. இது பனி கொட்டுகிற ஊர் இல்லை. ஓயாத தூறல், ஐந்தாறு டிகிரி, அவ்வளவுதான். ஈரம்தான் எலும்பில் ஏறும். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பின்னால் டேங்க் வைத்து மண்ணெண்ணெயில் ஹீட்டர் ஓட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்வதில்லை, தலை வலிக்கிறது. அதனால் அதிகம் போடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். வேளைக்குச் சாப்பிடுகிறேன். இட்லி மாவு புளிக்கவில்லை என்று சொன்னேனே, அதற்கும் வழி கிடைத்துவிட்டது. ஓவனைச் சூடு பண்ணாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி உள்ளே வைத்துவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். கறிவேப்பிலை விலையை மட்டும் எழுதவில்லை. கேட்டால் ஆச்சி மயங்கி விழுவாள்.

இனி உங்கள் கேள்விகள்.

நான் ஓட்டுப் போடவில்லை. போடவும் முடியாது. இங்கே ஓட்டுரிமை படிப்படியாக இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் எந்த நாட்டுக்காரரானாலும் குடியிருந்தால் போதும், ஓட்டு உண்டு. பாராளுமன்றத்துக்கு ஐரிஷ் குடிமக்களும் இங்கே வாழும் பிரிட்டிஷ் குடிமக்களும் போடலாம். ஜனாதிபதி தேர்தலுக்கும் அரசியல் சட்டத் திருத்த வாக்கெடுப்புக்கும் ஐரிஷ் குடிமக்கள் மட்டும்தான்.

முறை உங்களுக்குப் புதிதில்லை. நம் ஜனாதிபதித் தேர்தல் போலவே 1, 2, 3 என்று விருப்ப வரிசைதான். நம்மூரில் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் போடுவதை இங்கே பொதுமக்கள் நேரடியாகப் போடுகிறார்கள், அதுவும் பென்சிலால். பதவிக்காலம் ஏழு ஆண்டு, இரண்டு முறைக்கு மேல் கிடையாது, குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். சிக்கலே வேட்பாளர் ஆவதில்தான். பாராளுமன்ற உறுப்பினர்கள் 20 பேரோ, 31 உள்ளாட்சி மன்றங்களில் நான்கோ முன்மொழிய வேண்டும். மரியா ஸ்டீன் என்ற அம்மாளுக்கு 18 பேர்தான் கிடைத்தார்கள், இரண்டு குறைந்துபோயிற்று.

களத்தில் நின்றவர்கள் மூன்று பேர். அதில் ஜிம் கேவின், டப்ளின் கேலிக் கால்பந்து அணியின் பழைய மேலாளர், ஃபியனா ஃபாயில் கட்சிக்காரர். பழைய வாடகைக்காரருக்குத் திருப்பித் தர வேண்டிய 3,300 யூரோ விவகாரம் வெளிவந்து நடுவிலேயே விலகிவிட்டார். ஆனால் கெடு தாண்டிவிட்டதால் வாக்குச் சீட்டில் பெயர் அப்படியே இருந்தது. விலகிய ஆளுக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்! அக்டோபர் 24 வெள்ளிக்கிழமை தேர்தல். ஜெயித்த கேத்தரின் கானலிக்கு 9,14,143 முதல் விருப்ப ஓட்டு, 63 சதவீதம். பாதியைத் தாண்டிவிட்டதால் இரண்டாம் விருப்பத்தை எண்ணவே தேவைப்படவில்லை. ஃபைன் கேல் கட்சியின் ஹெதர் ஹம்ஃப்ரீஸுக்கு 29. இதைப் பார்த்து ஏதோ மக்கள் அலை என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுப் போட வந்ததே 46 சதவீதம் பேர். அதிலும் 2,13,738 சீட்டுகள் செல்லாதவை. யாரும் பிடிக்கவில்லை என்று வேண்டுமென்றே கிறுக்கிப் போட்டவை ஏராளம். இதற்குமுன் இவ்வளவு செல்லாத ஓட்டு இங்கே விழுந்ததில்லை.

முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ‘இந்த அம்மாள் வந்ததால் வடக்கும் தெற்கும் சேர்ந்துவிடுமா?’ வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கிறது, நான் இருக்கும் தெற்கு தனி நாடு.

சேராது. அவரிடம் அந்தச் சாவி இல்லை. ஜனாதிபதி ஒரு மசோதாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம், பெரும்பான்மை இழந்த பிரதமர் சபையைக் கலைக்கச் சொன்னால் மறுக்கலாம். இணைப்புக்கு வாக்கெடுப்பு நடத்தச் சொல்ல முடியாது. இணைப்பு வேண்டும் என்பவர்தான் கானலி, இணைப்பையே கொள்கையாக வைத்திருக்கும் சின் ஃபெய்ன் கட்சியும் தன் ஆளை நிறுத்தாமல் அவரைத்தான் ஆதரித்தது. ஆனால் தோற்ற ஹம்ஃப்ரீஸும் அதையேதான் சொன்னார். அவர் எல்லையோர மொனஹன் மாவட்டத்துப் புராட்டஸ்டன்ட். பொதுவாகப் புராட்டஸ்டன்ட்டுகள் பிரிட்டனோடு இருக்கவும் கத்தோலிக்கர்கள் இணைப்பையும் விரும்புபவர்கள் என்பார்கள். ஐரிஷ் சுயாட்சியை எதிர்த்து 1912இல் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அவர் தாத்தாவின் கையெழுத்தும் இருக்கிறது. அந்த வீட்டுப் பேத்தியே இணைப்புக்கு ஆதரவு என்னும்போது தெற்கில் அதை வைத்து யாரும் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. பேசுவதற்குச் செலவில்லாத விஷயம் அது.

சாவி இருப்பது லண்டனில். வடக்கின் வன்முறைக்கு முடிவுகட்ட 1998 ஏப்ரல் 10இல் புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி வந்த சட்டத்தில், வடக்கில் பெரும்பான்மையோர் இணைப்புக்கு ஓட்டுப் போடக்கூடும் என்று வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட வேண்டும். எதை வைத்துத் தோன்ற வேண்டும், கருத்துக்கணிப்பா, தேர்தல் முடிவா, மக்கள்தொகைக் கணக்கா? சட்டத்தில் ஒரு வரி கிடையாது. யார் ஓட்டுப் போடலாம், கேள்வி எப்படி அமையும் என்பதும் அந்த உத்தரவில்தான் வரும். பாதிக்கு மேல் ஒரு ஓட்டு அதிகம் விழுந்தால் போதும். தோற்றால் அடுத்த வாக்கெடுப்புக்கு ஏழு ஆண்டாவது பொறுக்க வேண்டும். வடக்கு மட்டும் சரி என்றால் ஆகாது, தெற்கும் தனியாக ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும் என்று இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. 1973இல் ஒருமுறை வடக்கில் கேட்டுப் பார்த்தார்கள். இணைப்பு கேட்கிற தரப்பு புறக்கணித்ததால் 98.9 சதவீதம் பிரிட்டனோடே இருப்போம் என்று வந்தது. அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆதரவுக் கணக்கு இது. ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகையும் ஏரின்ஸ் என்ற ஆய்வுக் குழுவும் 2022இலிருந்து இரு பக்கமும் கேட்டு வருகிறார்கள். தெற்கில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இணைப்புக்குச் சரி என்கிறார்கள். வடக்கில் 2022இல் ஆதரவு 27 சதவீதம், எதிர்ப்பு 50. இரண்டு ஆண்டு கழித்து 34, 48. இடைவெளி குறைகிறது, ஆனால் இன்னும் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7, புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5 என்று வந்ததும் பலர் இனி என்ன என்றார்கள். கத்தோலிக்கர் எல்லோரும் இணைப்புக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று கணக்குப் போடுவது, ஒரு சாதிக்காரர் எல்லோரும் ஒரே சின்னத்தில் குத்துவார்கள் என்று நம் சித்தப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் போடுகிற கணக்குதான்.

தெற்கின் அந்த மூன்றில் இரண்டையும் உரசிப் பார்க்க வேண்டும். கொடியை மாற்றலாமா, தேசிய கீதத்தை மாற்றலாமா என்று அடுத்த கேள்வி கேட்டதும், அப்படியானால் ஆதரிப்பது சந்தேகம் என்று ஏறத்தாழ பாதிப்பேர் சொல்லிவிட்டார்கள். பணம் வேறு இருக்கிறது. வடக்கில் வசூலாகும் வரிக்கு மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு லண்டன் போடுகிறது. அதில் பிரிட்டனின் கடன், ராணுவம், பென்ஷன் எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருப்பதால், இணைந்த பின் உண்மையில் எவ்வளவு டப்ளின் தலையில் விழும் என்பதில் பொருளாதாரக்காரர்களுக்குள் சண்டை ஓயவில்லை. வடக்கில் டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது. தெற்கில் அரசு மருத்துவ கார்டு இல்லாதவர்கள் ஒருமுறை பார்க்க 50, 60 யூரோ கொடுக்க வேண்டும். ரேடியோவோடு சண்டை போடுவாரே நம் பக்கத்து வீட்டு பாட்ரிக் தாத்தா, அவர் ஒரு பர்ஸில் யூரோவும் இன்னொன்றில் பவுண்டும் வைத்திருப்பவர். எந்தப் பக்கம் மண்ணெண்ணெய் மலிவோ அந்தப் பக்கம் வாங்குவார். ‘அயர்லாந்து ஒன்றாக வேண்டும், ஆனால் என் தங்கையின் டாக்டர் அப்படியே இருக்க வேண்டும்’ என்கிறார். எனக்கு அவர் சொல்வதுதான் உண்மையான கருத்துக்கணிப்பாகப் படுகிறது.

அந்தத் தங்கை இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம் நியூரியில். கையில் ஐரிஷ் பாஸ்போர்ட், ஆனால் ஐரிஷ் ஜனாதிபதிக்கு ஓட்டு இல்லை. வடக்கின் முதல் அமைச்சர் மிஷெல் ஓநீல் பிறந்ததே தெற்கில் கார்க் மாவட்டத்தில், அவருக்கும் இல்லை. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த மேரி மெக்அலீஸ் இங்கே 14 ஆண்டு ஜனாதிபதியாக இருந்தார், அவரது சொந்த ஊர்க்காரர்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியவில்லை. ஜனாதிபதியாகலாம், ஓட்டுப் போடக்கூடாது! இதை மாற்றச் சொல்லி 2013இல் அரசியல் சட்ட மாநாடு பரிந்துரைத்தது, 2019இல் மசோதாவும் வந்தது. மக்கள் முன் இன்னும் வைக்கவில்லை. இணைப்பு, இணைப்பு என்று பேசுபவர்கள் கைக்கெட்டின இதைச் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எல்லையைப் பற்றிக் கேட்டீர்கள். கம்பி வேலியில்லை, சாவடியில்லை. சாலையோரப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அதுதான் எல்லை. பாட்ரிக் தாத்தா ஒரு நாளில் இரண்டு தடவை போய்வருவார். எனக்குப் பிரிட்டிஷ் விசா இல்லாமல் போகக்கூடாது. இங்கே வேலை அனுமதியும் அட்டையும் இருப்பது அங்கே செல்லாது. பஸ்ஸில் சில நாள் போலீஸ் ஏறி அட்டை கேட்கும். நியூரி இங்கிருந்து இருபது கிலோமீட்டர், நம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம்கூட இருக்காது. அதனால் ஒன்றுமில்லை, அங்கே எனக்கு என்ன வேலை. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறேன், சும்மா இருந்தால் பொழுது போவதில்லை.

நாலரைக்கே இருட்டிவிடுகிறது அப்பா. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டதா? பிசானத்துக்கு நாற்று பாவியாச்சா? அடுத்த தடவை போன் பேசும்போது மழை பெய்தால் உள்ளே போகாதீர்கள், தார்சாவிலேயே நின்று பேசுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

சரி, நிலத்து விஷயம். செல்வி கல்யாணத்துக்கு முன்னால் ஆற்றங்கரை வயலை என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதப் போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். வெளிநாட்டில் குடியிருப்பவன் பெயருக்கு விவசாய நிலத்தை வாங்கவும் முடியாது, தானமாக எழுதவும் முடியாது. வீடு என்றால் எழுதலாம். நிலம் வாரிசு வழியில், உயில் வழியில் வந்தால் தடையில்லை. வயலைச் செல்வி பெயருக்கே எழுதுங்கள், எனக்குச் சந்தோஷம். அதற்குமுன் சித்தப்பாவோடு இருக்கிற கூட்டுப்பட்டாவைப் பிரிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தால் சர்வேயர் வந்து அளப்பார். அளக்கிற அன்று சித்தப்பா கூட நிற்க வேண்டும், பின்னால் வரப்புத் தகராறு வரக்கூடாது. வில்லங்கச் சான்றும் புதிதாக எடுத்து வையுங்கள்.

குடியுரிமை எப்போது என்று கேட்டீர்கள். ஐந்து ஆண்டு கணக்கு எனக்கு முடியப் போகிறது. விண்ணப்பத்துக்கு 175 யூரோ, கிடைக்கும்போது 950. அவசரமில்லை, செல்வி கல்யாணம் முடியட்டும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் உட்கார்ந்து பேச வேண்டும்.

நகைக்கு ஒரு பாகம் டிசம்பர் சம்பளத்தில் அனுப்புகிறேன், மீதி ஜனவரியில். ஆசாரியிடம் அப்படியே சொல்லிவிடுங்கள், வட்டிக்கு மட்டும் எங்கும் வாங்கிவிட வேண்டாம். தைக்கு லீவு கேட்டிருக்கிறேன். மேனேஜர் இன்னும் சொல்லவில்லை. பத்திரிகையில் என் பெயரைப் போட்டே அச்சடியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் தேதியை உறுதிப்படுத்திவிட்டு உடனே போன் பண்ணுங்கள். டிக்கெட் போட அது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மகன்,
முருகேசன்