பொருத்தும் முறையையும் சரிபார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளிலும் பள்ளி வேன்களிலும் இடங்காட்டும் கருவி பொருத்துவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கருவியின் விலையை விசாரிக்கும் முதலாளிமார், அதை வண்டியில் எங்கே, எந்தத் திசை நோக்கிப் பொருத்தினார்கள் என்று விசாரிப்பதில்லை.

திறந்த வெளியில் ஜிபிஎஸ் சமிக்ஞையே போதும். மேனோரா சுரங்கப்பாதையிலோ, முற்றிய செம்பனை மட்டைகள் மூடிய தோட்டப் பாதையிலோ அது தடைபடும்போது, கருவிப் பெட்டிக்குள் உள்ள, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் திரும்புவதை அளக்கும் கைரோவும்தான் வண்டி எவ்வளவு நகர்ந்தது, எப்பக்கம் திரும்பியது என்று கணக்கிடுகின்றன. கருவியின் முன்புறமும் வண்டியின் முன்புறமும் ஒன்றாக இருந்தால்தான் அக்கணக்கு சரிவரும். திசையில் 1 பாகை பிசகினால், 1 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 17 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகிவிடும்; செம்பனை நிரைகளுக்கிடையே ஏறத்தாழ 8 மீட்டர்தான் என்பதால், லோரி இரண்டு நிரை தள்ளி நிற்பதாகக் காட்டும். முன்பின் சாய்வில் அதே 1 பாகையை ஈடுசெய்யாமல் விட்டால், புவியீர்ப்பின் சிறு பங்கு வண்டியின் முடுக்கமாகக் கணக்கில் ஏறி, 10 விநாடியில் 8 மீட்டருக்கு மேல் பிழை சேரும்.

அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்த லோரி ஒன்றின் டேஷ்போர்டைக் கழற்றியபோது, கருவி ஒட்டுநாடாவிலிருந்து பாதி பிரிந்து வயர்க்கட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. மூடியில் அச்சிட்டிருந்த அம்புக்குறி வலப்பக்கக் கதவை நோக்கியிருந்தது. இப்படித் திரும்பிய கருவி இடப்பக்க வளைவைத் திடீர்ப் பிரேக்காகவும் வலப்பக்க வளைவைத் திடீர் வேகமாகவும் பதியும். நிதானமாக ஓட்டும் அந்த ஓட்டுநரோ முரட்டுத்தனமாகப் பிரேக் பிடிப்பதாக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இது பெரும் அநியாயம்.

கருவியைப் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல், அதிராத இரும்புச் சட்டத்தில் திருகாணியால் இறுக்கி, அம்புக்குறியை வண்டியின் நீளவாக்குக்கு நேராக்கி, ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டெனாவுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தைக் கேட்கும் கருவிகளில், அத்தூரத்தை நீளவாக்கு, அகலவாக்கு, உயரவாக்கு என மூன்றிலும் அளந்து பதிய வேண்டும். பிறகு சமதரையில் சற்று நிறுத்திவிட்டு, திறந்த வெளியில் நேராகவும் வளைத்தும் ஓட்டி, கருவி சரியாகக் கணக்கிடும்படி அளவு திருத்த வேண்டும். சில கருவிகள் தம் திசையைத் தாமே கண்டறியும் என்பது உண்மைதான். ஆயினும் ஒட்டுநாடாவில் ஆடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு அதனால் பயனில்லை.

எனவே, பொருத்துபவர்கள் படத்துடனும் அளவுகளுடனும் சான்றுத்தாள் தரவேண்டும் என்றும், டேஷ்போர்டைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் அளவு திருத்தம் மீண்டும் செய்யப்பட வேண்டும் என்றும் போக்குவரத்து அதிகாரிகள் விதி வகுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாளிமாரும் ஓட்டுநர் மீது நடவடிக்கை எடுக்குமுன் கருவி இருக்கும் நிலையை அவர் முன்னிலையிலேயே திறந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
லோரிப் பட்டறை ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்