இரண்டு சூரியத் தகடுகளும் ஒரு மொட்டை மாடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர், தம் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்பை நிறுவுவதற்காக வாங்கிய இரண்டு விலைப்புள்ளிகளைச் சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்து, எதை ஏற்பது என்று கேட்டார். பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் மின்னியல் கற்பித்தவன் என்பதால் என்னிடம் வந்தார். இரு தாள்களையும் இரண்டு நாள் வைத்திருந்து, கணக்கும் போட்டுப் பார்த்தேன். அவருக்குச் சொன்னதைத் தங்கள் நாளிதழ் வழியாக மற்றவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். மாடியில் தகடு போட நினைக்கும் பல குடும்பங்கள் இன்று இதே குழப்பத்தில்தான் இருக்கின்றன.

முதல் விலைப்புள்ளியில் இருந்தது ‘டாப்கான்’ வகைத் தகடு. அதன் செயல்திறன் 22.5 விழுக்காடு, தகட்டினுள் ஒளியை மின்சாரமாக்கும் மின்கலன் (செல்), தகடு இரண்டும் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை. இரண்டாவதில் இருந்தது ‘எச்.ஜே.டி.’ வகைத் தகடு, செயல்திறன் 23.2 விழுக்காடு, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது. இரண்டாவது விற்பனையாளர் 23.2 என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘சந்தையிலேயே மிக உயர்ந்த திறன்’ என்று அருகில் எழுதியும் கொடுத்திருந்தார். நண்பரின் மனம் அந்த வட்டத்திலேயே நின்றுவிட்டது.

செயல்திறன் என்பது தகட்டின் பரப்பில் விழும் ஒளியில் எத்தனை பங்கு மின்சாரமாக மாறுகிறது என்பதைக் குறிக்கும் அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது முதல் தகடு 225 வாட் தரும், இரண்டாவது 232 வாட் தரும் என்பதே அதன் பொருள். 3 கிலோவாட் இரண்டு தகட்டிலும் 3 கிலோவாட்தான். திறன் கூடிய தகடு சற்றுக் குறைந்த இடத்தில் அதைத் தந்துவிடும், அவ்வளவே. இந்த இரண்டுக்கும் கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு 13.3 சதுர மீட்டரும் மற்றதற்கு 12.9 சதுர மீட்டரும் வேண்டும். மிச்சமாகும் இடம் நாலரை சதுர அடிகூட இல்லை. ஒரு பாய் விரிக்கக்கூட அது போதாது. நண்பரின் மாடியோ 700 சதுர அடி. இடம் மிகக் குறுகிய மாடி உடையவர்களுக்கு இந்த எண் உண்மையிலேயே முக்கியமாகலாம். அவருக்கு அது முக்கியமில்லை.

நம் ஊர் வெயிலுக்கு அதைவிட முக்கியமான ஓர் எண் விவரத்தாளின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அதுதான் வெப்பநிலைக் குணகம். தகட்டின் வாட் அளவு, மின்கலன் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் ஆய்வகச் சூழலில் குறிக்கப்படுவது. மதுரையில் சித்திரை, வைகாசி நண்பகலில் அதே மின்கலன் 65 டிகிரியைத் தொட்டுவிடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் டாப்கான் ஏறத்தாழ 0.30 விழுக்காடு ஆற்றலை இழக்கிறது, எச்.ஜே.டி. ஏறத்தாழ 0.25 விழுக்காட்டை இழக்கிறது. டாப்கானுக்கு முன் பரவலாக இருந்த ‘பெர்க்’ வகை 0.35 விழுக்காடு வரை இழக்கும். ஆகவே அந்த நண்பகலில் 3000 வாட் டாப்கான் 2640 வாட்டையும், எச்.ஜே.டி. 2700 வாட்டையும் தரும். வெப்பத்தைத் தாங்குவதில் எச்.ஜே.டி. மேலானது என்று விற்பனையாளர் சொன்னது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மேன்மையின் அளவு, கடும் வெயிலின் உச்சத்தில், 60 வாட்.

இதை ஆண்டுக் கணக்கில் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று கொண்டால், 3 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 4380 யூனிட் தரும். காலை, மாலை, மழை நாள் எல்லாவற்றையும் சேர்த்து எச்.ஜே.டி.யின் கூடுதல் விளைச்சலை ஒன்றரை விழுக்காடு என்று தாராளமாகவே வைத்தாலும், அது 66 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று மதிப்பிட்டால் ஆண்டுக்கு 528 ரூபாய். 25 ஆண்டுகளுக்கு 13,200 ரூபாய். இதற்கு எதிரே வைக்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் மின்கலனும் தகடும் உள்நாட்டில் செய்யப்பட்டவையாக, அதாவது கடைகளில் ‘டி.சி.ஆர். பேனல்’ என்று சொல்லப்படும் வகையாக, இருந்தால்தான் அந்த மானியம் கிடைக்கும். இறக்குமதித் தகட்டுக்கு அது இல்லை. இந்தச் செய்தி இரண்டாவது விலைப்புள்ளியில் எங்கும் எழுதப்படவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் 78,000 ரூபாய் பற்றிப் பேசாமல் 0.7 விழுக்காட்டைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

தகடு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அடுத்த கேள்வி. டாப்கான் விவரத்தாள்களில் பெரும்பாலும் முதல் ஆண்டில் 1 விழுக்காடும், பிறகு ஆண்டுக்கு 0.4 விழுக்காடும் ஆற்றல் குறையும் என்று உறுதியளிக்கிறார்கள். அதன்படி 25-ஆம் ஆண்டின் முடிவில் 89.4 விழுக்காடு மிஞ்சும். எச்.ஜே.டி.க்கு இது 91, 92 என்ற அளவில் இருக்கும். பெர்க் வகைக்கு 84.8 என்பதே வழக்கமான எண். இவை உற்பத்தியாளர் தரும் வாக்குறுதிகளே தவிர, மாடியில் அளந்து கண்டவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இதில் எச்.ஜே.டி.க்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு பெருமை உண்டு. ஜப்பானின் சான்யோ நிறுவனம் அந்த வகைத் தகடுகளை 1997-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. எனவே அது வெயிலிலும் மழையிலும் இருந்த வரலாறு நீண்டது. டாப்கான் அமைப்பை ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிலையம் 2013-இல்தான் அறிவித்தது. பெருமளவில் அது கூரைகளுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே டாப்கானை எடுப்பவர்கள் உத்தரவாதத்தின் சொற்களை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும்.

அந்த உத்தரவாதம் இரண்டு வகைப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை. ‘30 ஆண்டு உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் இருப்பது மின் உற்பத்தி அளவுக்கானது. கண்ணாடி தானாக விரிசல் விட்டாலோ, பின்புறத்து இணைப்புப் பெட்டி கருகினாலோ, உள்ளே ஈரம் புகுந்தாலோ கைகொடுப்பது பொருளுக்கான உத்தரவாதம். அது பல தகடுகளுக்கு 12 அல்லது 15 ஆண்டுகள்தான். பழுதான தகட்டை மாடியிலிருந்து இறக்கி அனுப்பும் செலவு யாருடையது, மாற்றுத் தகட்டை இந்தியாவில் யார் தருவார் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இருமுகத் தகடுகள் பற்றியும் ஒரு சொல். இவை பின்புறத்திலிருந்தும் ஒளியை ஏற்பவை, இதிலும் எச்.ஜே.டி. டாப்கானைவிட ஒரு படி மேல். ஆனால் 580 வாட் தகட்டை, பின்புறம் 25 விழுக்காடு கூடுதலாகத் தரும் என்று சொல்லி 725 வாட் தகடு போலவே விற்க முனைவதைக் கண்டிருக்கிறேன். அந்த எண் விவரத்தாளின் அட்டவணையில் மேல் எல்லைக்கான எடுத்துக்காட்டாக இருப்பது. சிவந்த தட்டோடு பதித்த மாடியில் ஓர் அடி உயரத்தில் படுக்க வைத்த தகட்டுக்குப் பின்புறத்து ஒளி மிகச் சொற்பம். வெள்ளைச் சுண்ணாம்போ, குளிர்ச்சிக்கான வெள்ளை ஓடோ இருந்து, துணி உலர்த்தவும் வடகம் காயவைக்கவும் இடம்விட்டு, தகட்டைத் தாங்கும் சட்டத்தை ஏழெட்டு அடி உயர்த்திக் கட்டினால் அப்போது அது ஓரளவு பயன் தரும்.

இனி நிழலுக்கு வருகிறேன். இக்கடிதம் எழுதத் தூண்டிய காரணங்களில் முதன்மையானது இதுவே. 2021-இல் என் வீட்டு மாடியில் 375 வாட் பெர்க் தகடுகள் எட்டைப் பொருத்தினேன். வீடு கட்டியபோது வாஸ்து பார்த்துத் தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்கில், கன்னி மூலையில் வைத்திருந்தோம். நம் ஊரில் பெரும்பாலான தொட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. பொருத்த வந்தவர்கள் கம்பி நீளத்தைக் குறைப்பதற்காகத் தொட்டியை ஒட்டியே சட்டத்தை நட்டுவிட்டார்கள். அவர்கள் வந்தது ஆனி மாதம்; அப்போது நிழல் கண்ணில் படவில்லை. மார்கழி பிறந்ததும், வெயில் தென்மேற்கே சாயும் பிற்பகலில், தொட்டியின் நிழல் இரண்டு தகடுகள் மீது படுத்துக்கொண்டது. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்படுவதால் ஒரு தகடு நிழலில் சோர்ந்தால் அதன் பாதிப்பு மொத்த வரிசைக்கும் பரவக்கூடும். நிழல் பட்ட பகுதியைச் சுற்றி மின்சாரம் போக வழிவிடும், உள்ளேயிருக்கும் டையோடுகள் அந்த இழப்பைக் குறைக்குமே தவிர நீக்கிவிடாது. ஓராண்டு கழித்து, இன்வெர்ட்டர் காட்டும் பதிவுகளை நாள்வாரியாகப் பார்த்தபோதுதான் எனக்கு இது புலப்பட்டது. என் செலவிலேயே சட்டத்தைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்றினேன். அதன்பின் மார்கழி, தை மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் கூடுதலாகக் கிடைத்தது. இரண்டு மாதங்களில் அது 90 யூனிட், அதாவது எச்.ஜே.டி. தகடு ஓராண்டு முழுவதும் கூடுதலாகத் தரக்கூடிய 66 யூனிட்டைவிட அதிகம்.

வடக்கில் தொட்டி இருந்தால் கவலையில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். நண்பகல் வெயிலைப் பொறுத்தவரை அது டெல்லிக்குப் பொருந்தும். அங்கே சூரியன் உச்சிக்குத் தெற்கேதான் எப்போதும் நிற்கும். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, ஆகஸ்ட் இறுதி வரை வடக்கே நின்றுவிடுகிறது. அந்த நான்கு மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே விழும். ஆகவே டிசம்பர் நிழலையும் ஜூன் நிழலையும் தனித்தனியே வரைந்து பார்க்காமல் நம் மாடியில் தகட்டுக்கு இடம் குறிக்கக் கூடாது. பக்கத்து மனையில் நாளை எழக்கூடிய மாடியையும், இன்று இடுப்பளவு நிற்கும் தென்னையையும்கூடக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டாப்கான், எச்.ஜே.டி. இரண்டுமே ஈரம் உள்ளே புகுவதை எளிதில் தாங்காதவை. அங்கே இருபுறமும் கண்ணாடி கொண்ட தகட்டையும், ஐ.இ.சி. 61701 என்னும் உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதற்கான சான்றையும் கேட்க வேண்டும். 2016-இன் வர்தாவையும் 2018-இன் கஜாவையும் கண்ட மாவட்டங்களில், தகட்டின் வகையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே சட்டமும் அதன் நங்கூர ஆணிகளும் எந்த வேகக் காற்றுக்கு வடிவமைக்கப்பட்டன என்று கேட்டாக வேண்டும்.

மின்சார வாரியத்துக்கும், இத்திட்டத்தை நடத்தும் மத்திய அமைச்சகத்துக்கும் தங்கள் வாயிலாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் தகட்டின் வெப்பநிலைக் குணகம், இரண்டு உத்தரவாதங்களின் கால அளவு, மானியம் உண்டா இல்லையா என்ற தெளிவான வரி, டிசம்பர் 21, ஜூன் 21 ஆகிய நாள்களின் நிழல் வரைபடம் ஆகியவை தமிழில் இருந்தாக வேண்டும் என்று விதி செய்யலாம். பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு தகட்டின் வரிசை எண்ணையும் வீட்டுக்காரர் கையில் எழுதித் தரவும் கட்டாயப்படுத்தலாம். இதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை. விற்பவர்களிடம் இந்த விவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

நண்பர் டாப்கான் தகட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் வீட்டுத் தொட்டியும் கன்னி மூலையில்தான் இருக்கிறது என்பதால், மாடியின் கிழக்குப் பாதியில் சட்டத்தை நடும்படி கேட்டு, நிழல் வரைபடத்தையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கோரியிருக்கிறார். அது கைக்கு வந்த பிறகே முன்பணம் தருவதென்று காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
மதுரை.