கடலோரக் கான்கிரீட் வீடுகளின் மேல்தளத்துக்குத் தனித்தொகை ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: ஊரக வீட்டு வசதி – 2026–27 நிதிநிலை மதிப்பீடுகள் – கடலோர வட்டாரங்களில் அரசு உதவியால் கட்டப்படும் வீடுகளின் தளத்தில் வெப்பத் தடுப்பு அடுக்குக்கும் உப்புக்காற்றைத் தாங்கும் கான்கிரீட்டுக்கும் கூடுதல் தொகை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2030ஆம் ஆண்டுக்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதற்கான ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் தலா ஒரு லட்சம் வீடுகள், வீடொன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் ஆண்டுக்கு 3,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதை நாங்கள் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியில் கரையைக் கடந்தபோது கீற்றுக் கூரை என்று ஒன்றுகூட மிஞ்சாத தெருக்கள் இங்கே உண்டு. ஆகவே, குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு என்ற அரசின் முடிவில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. எங்கள் கோரிக்கை அந்த வீட்டின் கூரையாக அமையும் தளத்தைப் பற்றியது மட்டுமே.

திட்ட வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு ஆர்.சி.சி. எனப்படும் கம்பி வைத்த கான்கிரீட் தளம். எங்கள் ஊரில் தவணைத் தொகை தளம் போட்டு, பூசி, கதவு வைப்பதற்குள் தீர்ந்துவிடுவதால், தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு என்னும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதிக்கும் வேலையைப் பெரும்பாலோர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிறகு வருவதேயில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் பகல் முழுவதும் சூடேறும் வெறும் தளம் இரவு வெகுநேரம்வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. கீற்றுக் கொட்டகையில் இருந்தபோது புயலுக்குப் பயந்தோம், இப்போது உச்சிவேளையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புங்கமரத்தடிக்குப் போகிறோம் என்று உப்பளத்துக்குப் போய்வரும் பெண்கள் சொல்வதில் மிகையில்லை.

வீடுகளின் ஆற்றல் சிக்கனத்துக்கென 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரை வழியாக வெப்பம் கடத்தப்படும் அளவுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1.2 வாட் என வரம்பு வைத்திருக்கிறது. வெறும் ஆர்.சி.சி. தளம் அந்த வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும். ஆனால் அந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே பொருந்தும் என்பதால், வெப்பத்தை விலை கொடுத்துத் தணித்துக்கொள்ள முடிந்தவருக்கு விதி இருக்கிறது, முடியாதவருக்கு இல்லை. தட்டோடு மட்டுமே பதித்தால் அந்த வரம்புக்குள் வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன்மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ உடைந்த வெள்ளை ஓட்டுச் சில்லுகளோ சேர்ந்தால், வீட்டுக்குள் படுத்து உறங்க முடியும்.

மின்சாரச் செலவும் இதனோடு பிணைந்தது. 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகிறது. இரண்டு விசிறி ஓடினாலே அரசு தரும் இலவச 100 யூனிட் கடந்துவிடும். தளம் குளிர்ந்தால் விசிறி ஓடும் நேரம் குறையும். அரசின் மானியச் சுமையும் அந்த அளவுக்குக் குறையும்.

2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், வீடொன்றுக்கான 1.80 லட்சம் ரூபாயில் 30,000 ரூபாய், அதாவது ஆறில் ஒரு பங்கு, சூரிய ஒளி விளக்குகளுக்கென்றே தனியாக வைக்கப்பட்டது. எங்கள் தெருவில் அந்த விளக்குகள் பேட்டரி கெட்டதும் நின்றுபோயின. மாற்றித் தர ஆள் வரவில்லை. அந்த அனுபவத்தால்தான் பராமரிப்புக்கு ஆள் தேடவேண்டிய கருவி எதையும் இப்போது நாங்கள் கேட்கவில்லை. ஒருமுறை ஒழுங்காகப் போட்டால் நெடுங்காலம் நிற்கிற, உள்ளூர்க் கொத்தனாருக்குத் தெரிந்த வேலையையே கேட்கிறோம்.

அடுத்தது உப்பு. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு கம்பியைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் காரை வெடித்துப் பெயர்ந்து, உறங்குபவர் தலைமேல் விழுகிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலில் வெளிக்காற்றுக்கு ஆட்பட்டிருக்கும் ஆர்.சி.சி. வேலைக்கு எம்30 என்னும் வலிமைத் தரத்தையும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலையும் குறிப்பிடுகிறது. மேட்டுப்பகுதிக்கும் கடற்கரைக்கும் ஒரே 3.50 லட்சம் என்ற கணக்கில் இதைச் செய்ய இயலாது. கலவைக்கும், போட்ட கான்கிரீட் இறுக நீராற்றுவதற்கும் உப்பில்லாத தண்ணீர் வேண்டும். இங்கே நிலத்தடி நீர் உவர்ப்பு, கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ குடத்தில் அளந்து பிடிக்கும் நீர். லாரித் தண்ணீர் வாங்க வழியில்லாதவர் கேணி நீரை ஊற்றியே தளம் போடுகிறார். அந்த வீட்டின் ஆயுள் அன்றைக்கே பாதியாகிவிடுகிறது.

ஆகவே, கடலோர வட்டாரங்களுக்கு வீட்டுத் தொகையைத் தனியே நிர்ணயித்து, தளத்தின் மேலடுக்கு, கூடுதல் சிமெண்ட், நல்ல தண்ணீர் ஆகியவற்றுக்கான செலவைப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல்படி கணக்கிட்டுச் சேர்க்குமாறு வேண்டுகிறோம். வீடொன்றுக்கு 20,000 ரூபாய் கூடுமென்று வைத்துக்கொண்டாலும், மாநிலம் முழுவதும் ஓராண்டில் கட்டும் ஒரு லட்சம் வீடுகளுக்கும் சேர்த்து 200 கோடி ரூபாய்தான். இது இப்போதைய ஒதுக்கீட்டில் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த அரசு, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்குகிறது. அது ஒரு வீட்டுக்குத் தரும் தொகையைவிட அதிகம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இந்தத் தொகையை மற்றத் தவணைகளோடு கலக்காமல், தட்டோடு பதித்து முடித்ததை ஒன்றியப் பொறியாளர் நேரில் பார்த்த பின் கடைசித் தவணையாக விடுவித்தால் அது வேறு செலவில் கரையாது. மேலும், 2025–26இல் 25,000 பழைய வீடுகளுக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்கிய மறுகட்டுமானத் திட்டம் 2001க்கு முன் கட்டியவற்றையே கணக்கில் கொள்கிறது. கடற்கரையில் சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகளிலேயே கம்பி வெளியே தெரிகிறது. எனவே இங்கு கட்டிய ஆண்டைப் பார்க்காமல் தளத்தின் நிலையைப் பார்த்துப் பயனாளிகளைத் தேர்வு செய்ய ஆணையிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

காரை பெயர்ந்த வீடுகளின் ஒளிப்படங்களும் குடும்பத் தலைவிகளின் கையொப்பப் பட்டியலும் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் துறைப் பொறியாளர் ஒருவரை வரும் மே மாதத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு வீட்டுக்குள் அரைமணி நேரம் அமர்ந்து ஆய்வு செய்ய அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

நாள்: 08.12.2025
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகப்பட்டினம்.