முள்ளைத் தூக்கிப் போட்டுவிடாதே, மேரி

அன்புள்ள மேரிக்கு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது. அண்ணனின் புது வலைக்கு மீன் படுகிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் விலங்கியல் மியூசியத்தைக் காலி செய்கிறார்கள். சீட்டு இல்லாத மீன் எலும்புக்கூடுகளையெல்லாம் வராந்தாவில் குவித்துவிட்டார்கள். "பேரே தெரியாததை வைத்து என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று ஒருவர் கேட்கிறார். வயிறு எரிந்தது மேரி. அதிலிருந்து ஒரு வஞ்சிர முதுகெலும்பை வீட்டுக்குத் தூக்கி வந்து எண்ணிப் பார்த்தேன். முன்னால் வயிற்றுப் பக்கம் 20 கணுக்கள். அப்புறம் அடியில் ஒற்றை முள் நீளமாக இறங்கும் வால் கணுக்கள் 31. ஆக 51. புள்ளி வஞ்சிரமேதான்! கோட்டு வஞ்சிரத்துக்கு 42 முதல் 46தான், புள்ளிக்கு 47 முதல் 52.

இதில் அழகு என்ன தெரியுமா? வயிற்றுப் பக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் வாலில். கோட்டுக்கு வால் கணு 27ஐத் தாண்டாது, புள்ளிக்கு 28க்குக் குறையாது. தோலும் புள்ளியும் தலையும் போன பிறகும் எலும்பு தன் பேரைச் சொல்கிறது. இதையா குப்பையில் கொட்டுவது?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கொரிய வஞ்சிரம். வெகுகாலம் புள்ளி வஞ்சிரத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டது. நம் கடலிலும் அது உண்டு என்று 1976இல் மீன் ஆய்வாளர் தேவராஜ் எழுதினார். அதற்குக் கணு 46 அல்லது 47. மொத்தம் 47 வந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, வயிற்றைத் திறக்க வேண்டும். புள்ளிக்குக் குடல் இரண்டு முறை மடங்கும், கொரியனுக்கு நான்கு முறை.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். உடம்பில் புள்ளி இருந்து, பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கக் கோட்டின் முன்பகுதியில் கிளை கிளையாகப் பிரியும் மீன் வலையில் வந்தால், குடலை எடுக்காமல் வைக்கச் சொல். மடிப்பை எண்ணிய பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கறி உனக்கு, முள் எனக்கு. பிடித்த இடமும் தேதியும் எழுதிக் கட்டு. குழம்பு வைக்கும் அவசரத்தில் மறந்துவிடுவாய், உன்னைத் தெரியாதா!

திங்கட்கிழமை முதல்வரைப் பார்த்து ஓர் அலமாரியாவது கேட்கப் போகிறேன். சாந்தியும் கூட வருகிறாள். அவள் வாய் திறந்தால் கிடைத்துவிடும்.

அன்புடன்,
கலா