2024-25 ஆண்டறிக்கை: செவலை வந்த வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, நம் குதிரையேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024-25ஆம் ஆண்டுக்கான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். லாயத்துக் கூரை மாற்றியதும் கிணற்று மோட்டார் பழுதும் முந்தைய கூட்டங்களிலேயே பேசி முடித்தவை. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே ஒரு குதிரைக்கு ஒதுக்குகிறேன். இந்த வருடம் நாம் கற்றதும் தவறியதும் அதனிடம்தான்.

கடந்த ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் செவலையை வாங்கினோம். மார்வாரி இனக் கலப்புள்ள பெட்டைக் குதிரை; காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். "அஞ்சு வயசுங்க, குழந்தைகூட ஏறலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். வாயைத் திறந்து பார்த்த நம் மூத்த பயிற்றுநர் ஐயா, "நாலு பல்லுதான்" என்றார். குதிரைக்குக் கீழ்த்தாடையில் முன்பற்கள் ஆறு. நடு இரண்டும் இரண்டரை வயதில் பால்பல் விழுந்து முளைக்கும். அதையடுத்த இரண்டும் மூன்றரையில். ஓரத்துப் பற்கள் நாலரையில். செவலைக்கு ஓரம் இரண்டும் இன்னும் பால்பல். மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் இருக்கும் பிள்ளை என்று தெரிந்தே வாங்கினோம். கூட்டத்திலும் மேளச்சத்தத்திலும் மிரண்டு நின்றதே ஒழிய, யாரையும் கடிக்கவோ உதைக்கவோ பார்க்கவில்லை. அது எங்களுக்குப் பிடித்துப்போனது.

முதல் இரண்டு வாரம் கடிவாளத்தைக் கண்டாலே தலையை வானத்துக்குத் தூக்கியது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழியைச் சொல்லிச் சிலர் சிரித்தீர்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் இரண்டு சிறு பற்கள் இருந்தன. வுல்ஃப் டூத் என்பார்கள். இரும்பு அதில் இடிக்கும்போதெல்லாம் வலித்திருக்கிறது. பிடுங்கி, ஆறவிட்டு, மூன்று வாரம் கழித்துக் கடிவாளம் போட்டோம். தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. அன்று முதல் நம் லாயத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது: குதிரை முரண்டு பிடித்தால் முதலில் வாய், முதுகு, குளம்பு, சேணம் நான்கையும் பார்ப்பது, பிடிவாதம் என்று பேசுவது அதற்குப் பிறகுதான்.

தீனியையும் மாற்றினோம். வேலையில்லாமல் நிற்கும் இளங்குதிரைக்குக் கொள்ளும் கம்பும் அள்ளிப் போட்டால் அந்தச் சூடெல்லாம் துள்ளலாகத்தான் வெளியே வரும். தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லை நாளெல்லாம் மெல்லும்படி வைத்தோம்.

எடை குறித்து உறுப்பினர்கள் சிலருக்கு என்மீது வருத்தம் உண்டு. அதை இங்கேயே விளக்கிவிடுகிறேன். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறக்குறைய கிலோவில் வரும். செவலைக்குச் சுற்று 160, நீளம் 150. கணக்கு 323 கிலோ. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. அதன்படி 64 கிலோ. அது வளர்ந்த குதிரைக்கான கணக்கு. செவலையின் எலும்புகள் இன்னும் முதிரவில்லை. கால் எலும்புகள் முதலில் முதிரும், முதுகெலும்புகள் முதிர ஐந்து வயது தாண்டிவிடும். அதனால்தான் சேணத்தோடு 55 கிலோ என்று வரம்பு வைத்தோம். நம் ஆண்களில் பெரும்பாலோர் இதனால் ஏற முடியாமல் போனது. நானும் ஏறவில்லை. தரையில் நின்று செய்யும் வேலைக்கு எடை வரம்பு கிடையாது, அதற்கு வாருங்கள் என்றுதான் அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

ஆவணி முதல் கார்த்திகை வரை யாரும் ஏறவே இல்லை. நீளக்கயிற்றில் சுற்றவிடுவது, பின்னால் நடந்துகொண்டே இரண்டு கயிறால் திருப்புவது, குரலுக்கு நிற்பது, ஏறும் படிக்கல் பக்கத்தில் சும்மா நிற்பது, இவ்வளவுதான். நம்மில் பலருக்கு இங்கேதான் கை பழக வேண்டியிருந்தது. அழுத்தம் கொடுப்பது எல்லோருக்கும் வந்தது. குதிரை சொன்னதைக் கேட்ட அந்த நொடியிலேயே அழுத்தத்தை விடுவது வரவில்லை. குதிரைக்குப் பாடம் புரிவது விடும் அந்த நொடியில்தான். இரண்டு நொடி தாமதித்தால், தான் செய்தது சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது.

மார்கழியில் முதன்முதலாக ஒருவர் ஏறினார். தினமும் 20 நிமிடம், வேலிக்குள், வாக் எனப்படும் மெதுநடை மட்டும். இப்படியே போயிருந்தால் இந்த அறிக்கை இதோடு முடிந்திருக்கும்.

பொங்கல் கூடுகைக்குச் செவலை ஊர்ச்சாலையில் நடந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். ஏறத் தொடங்கி நாலாவது வாரம். வேலிக்கு வெளியே ஒத்திகை பார்க்கலாம் என்று சொன்னதும் நான்தான். பயிற்றுநர் ஐயா ஊரில் இல்லாத நாள். ஏறியிருந்த அக்கா, "இன்னைக்கு வேண்டாமுங்களே, அதோட காது ரெண்டும் நிக்கவே இல்லை" என்றார். ஒன்றும் ஆகாது என்றேன். மக்காச்சோளக் காட்டிலிருந்து ஒரு மயில் எழுந்து பறந்தது. செவலை ஒரே திருப்பாகத் திரும்பியது. அக்கா விழுந்து காறை எலும்பில் விரிசல். ஹெல்மெட்டின் உட்புறம் வெடித்திருந்தது. தலைக்கு வந்தது அதோடு போயிற்று. இதை இங்கே சொல்ல அக்கா அனுமதி தந்திருக்கிறார். பொறுப்பு முழுவதும் என்னுடையது. அவரிடமும் அவர் வீட்டாரிடமும் அப்போதே மன்னிப்புக் கேட்டேன். இந்த அவையிலும் கேட்கிறேன்.

ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. பயம் அப்படிக் கூடவில்லை. மாசியில் லாயத்துக்கு வந்தவர், செவலைக்குப் பக்கத்தில் நின்றபோது கை நடுங்குவதாகச் சொன்னார். குதிரை தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் குழியைப் பெரும்பாலும் சுற்றி நிற்பவர்கள்தான் பறிக்கிறோம். "விழுந்தால் உடனே ஏறிவிட வேண்டும்", "பயந்தால் குதிரைக்குத் தெரிந்துவிடும்" என்று அன்று எத்தனை பேர் சொன்னோம்! தைரியம் வரட்டும் என்று நல்லெண்ணத்தில் சொன்னதுதான். கேட்டவருக்கு அதில் பயத்தோடு வெட்கமும் சேர்ந்தது.

பயிற்றுநர் ஐயா வேறு வழியில் போனார். முதல் நாள் குதிரையைத் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். பிறகு 'கிழவன்' என்று நாம் அழைக்கும் 18 வயதுக் குதிரைமேல் ஏற்றி, தலைக்கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு நடந்தார். குதிரை மிரண்டால் என்ன செய்வது என்பதை மிரளாதபோதே கை தானாகச் செய்யும்வரை பழக்கினார்: ஒரு கையைக் கழுத்து வாரில் போட்டுக்கொள்வது, மறு கையால் ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் மெல்ல இழுத்துத் தலையைத் திருப்புவது, பின்னங்கால்கள் விலகி வேகம் அடங்கும்வரை பிடிப்பது, அடங்கியதும் விட்டுவிடுவது. நின்றபடி இருபது தடவை, நடந்தபடி இருபது தடவை. இடமும் வலமும். சறுக்கும் தரையிலும் வேகமான ஓட்டத்திலும் தலையை வெடுக்கென்று திருப்பினால் குதிரையே சாய்ந்துவிடும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டால் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பைக் குதிரையின் முதுகு உணரும் என்பதால் பாடச் சொன்னார். பாடும்போது மூச்சைப் பிடிக்க முடியாதல்லவா. அக்கா தன் பேத்திக்குப் பாடும் தாலாட்டைப் பாடினார். இரண்டாவது வாரத்தில் காலைப் பனியில் தாலாட்டு மைதானம் முழுக்கக் கேட்டது. அங்கிருந்த யாரும் அதை மறக்க மாட்டோம்.

அதே நாட்களில் செவலைக்கும் தனியாகப் பாடம் நடந்தது. மஞ்சள் காயப்போடும் நீலத் தார்ப்பாய், பைக் ஹார்ன், உதறும் சாக்கு. போகும்போது பார்த்துச் சலித்த தண்ணீர்த் தொட்டியைத் திரும்பி வரும்போது புதிதாகக் கண்டதுபோல் வெருண்டதால், எல்லாவற்றையும் இரண்டு பக்கமிருந்தும் காட்டினோம். வெளியே போனபோது கிழவன் முன்னால், செவலை பின்னால்.

வைகாசியில் ஒரு நாள் அக்காவே கேட்டு ஏறினார். நாலு சுற்று வாக். ஐந்தாவது சுற்றின் தொடக்கத்தில் "போதுமுங்க" என்று இறங்கிவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது வேலிக்குள் ட்ராட் எனப்படும் துள்ளுநடை வரை வந்திருக்கிறார். மயில் சத்தத்துக்குச் செவலை இன்னும் காதைத் திருப்புகிறது, திருப்பிவிட்டு நடக்கிறது.

இதையொட்டிச் செயற்குழு மூன்று முடிவுகள் எடுத்துள்ளது; அவையின் ஒப்புதல் வேண்டும். புதிதாகப் பழகும் குதிரையில் புதிதாகப் பழகுபவர் ஏறக்கூடாது. இளங்குதிரையை வேலிக்கு வெளியே கொண்டுபோகும் முடிவு பயிற்றுநருடையது. செயலாளர் உட்பட வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை. ஏறியிருப்பவர் "இன்று வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் அன்றைய சவாரி நிறுத்தப்படும். ஹெல்மெட்டுகளைப் பொறுத்தவரை, ஒருமுறை அடிபட்டதை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அகற்றிவிடுகிறோம். ஆறு புதிய ஹெல்மெட்டுகளும் இரண்டு பாதுகாப்பு உடுப்புகளும் வாங்கியாயிற்று.

வரும் ஆண்டில் செவலையின் முதுகு அகலமாகும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேணப் பொருத்தம் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் ஈக்கடி கூடும்போது ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற ஒட்டுண்ணி நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்ய நிதி ஒதுக்கக் கோருகிறேன்.

லாயத்தை விடியுமுன் கூட்டும் தம்பிகளுக்கும், கட்டணம் பாராமல் வந்த மருத்துவருக்கும், பயிற்றுநர் ஐயாவுக்கும், என் தவறுக்குப் பிறகும் சங்கத்தை விட்டுப் போகாத அக்காவுக்கும் நன்றி. தரை வேலைக்கான ஞாயிறு முறைப் பட்டியல் வாசல் பலகையில் இருக்கிறது; ஆனி, ஆடி இரண்டு மாதத்துக்கும் இன்னும் நாலு பேர் தேவை. காலை ஐந்தரைக்கு வர முடிந்தவர்கள் இன்றே பெயர் எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டு, இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்