அந்த நீலக் காரை வாங்குவதற்கு முன்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ வாங்க நினைக்கும் பழைய நீலக் காரின் படத்தை அனுப்பினாயே, அதை அப்பா நேற்று மாலையிலிருந்து கையை விட்டு இறக்கவில்லை. அதே நீலம், அதே உருண்டை விளக்குகள், முன்பக்கத்தில் அதே வெள்ளிப் பட்டை. "நம்ம கார்தானோ?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். நம் கார் 1992இல் பழைய இரும்புக்குப் போனதும், அன்று நீ சாப்பிடாமல் படுத்ததும் அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

நீ எழுதியிருந்ததைப் பல முறை படித்தேன். "அப்பா ஓட்ட, அம்மா கியர் போட, இருவரும் சேர்ந்து ஓட்டிய கார் அது. என் பிள்ளைக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாய். தினமும் வேலைக்கு அதில்தான் போவாயாம், விடுமுறைக்கு அதிலேயே பேரனையும் மருமகளையும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வருவாயாம். இதைத் தொலைபேசியில் பேசினால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதையும் படி, ஐயா.

முதலில் ஒன்று. அந்தக் காரின் மேல் எனக்கும் உயிர். 1984இல் நாம் வாங்கியபோது அதற்குப் பத்து வயது. என் தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகளை அடகு வைத்து வாங்கியது. வெயிலில் நின்ற காரில் ஏறினால் ரெக்சின் இருக்கை தொடையைச் சுடும், அதற்காகவே பழைய கைலி ஒன்றை விரித்து வைத்திருந்தேன். இடப்பக்கக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி உடைந்து, அதன் இடத்தில் ஒரு குறடு தொங்கியது. இங்கே நம் வீட்டு வாசல் சரிவு உனக்கு நினைவிருக்கும். அப்பா எப்போதும் காரின் மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். காலையில் இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்து, உருளவிட்டுச் சட்டென்று காலை எடுப்பார். ஓர் உதறல் உதறிக்கொண்டு இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுச் சீனத்துப் பாட்டி அந்தச் சத்தம் கேட்டுத்தான் மணி ஏழு என்று தெரிந்துகொள்வார்.

பெர்ரியில் நடந்ததும் உனக்கு மறந்திருக்காது. பினாங்குப் பாலம் 1985 செப்டம்பரில் திறந்துவிட்டது. இருந்தாலும் நீ பெர்ரிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பாய், கடற்காற்றுக்காக. பட்டர்வொர்த்தில் வெயிலில் வரிசையில் நின்று, ஏறி, இஞ்சினை நிறுத்தி, அக்கரை சேர்ந்ததும் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். நம் கார் மட்டும் பெறாது. பின்னால் அத்தனை வண்டிகளும் காத்திருக்க, பெர்ரி ஆட்கள் இருவரும் முன்பின் தெரியாத நான்கைந்து பேரும் சேர்ந்து வெல்ட் கீ கரைக்குத் தள்ளிவிட்டார்கள். நீ பின் இருக்கையில் ஏறி நின்று கைதட்டினாய். அப்பா ஒரு துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் போட்டார். கால் மணி நேரத்தில் கிளம்பியது. உனக்கு அது மந்திரம்.

அது மந்திரமில்லை. கார் ஓடும்போது எதிர்க்காற்று இஞ்சினைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, பம்பிலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலும் நிற்கும் பெட்ரோலை ஆவியாக்கிவிடும். திரவத்தை இழுக்கச் செய்த பம்பு ஆவியை இழுக்காது. இன்றைய கார்களில் பம்பு பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுகிறது, கார்புரேட்டரே கிடையாது. அப்பா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளி பார்த்துக் கொடுத்த, இஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அந்தப் பாயின்டும் இப்போது இல்லை. தேய்வதற்கு ஏதுவான உறுப்புகள் ஒவ்வொன்றாக மறைந்ததால்தான் கார்கள் நம்பத்தக்கவை ஆயின. இதை அப்பா பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

இனி, நீ அறியாததைச் சொல்கிறேன்.

1986 தீபாவளிக்கு முதல் நாள். உனக்கு ஆறு வயது, தங்கைக்கு எட்டு மாதம். தாப்பா பக்கம் தோட்டத்தில் இருந்த உன் தாத்தா வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. தைப்பிங்கைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. இன்றைய வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்க 1994 ஆயிற்று. அன்று நமக்கு இருந்தது பழைய சாலைதான். கோலகங்சாருக்கு முன்னால் புக்கிட் பெராப்பிட் ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு, இருபக்கமும் காடு.

அந்தக் காரில் நான் ஒரு நாளும் சாலையைப் பார்த்து வந்ததில்லை. என் கண் சூடு காட்டும் ஊசியின் மேல்தான் இருக்கும். அது பாதியைத் தாண்டினால் என் வயிறு கலங்கும். அன்று பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, சிவப்பைத் தொட்டது. இஞ்சின் மூடியின் விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை. ரேடியேட்டரின் கீழ் ரப்பர் குழாய் வெடித்திருந்தது.

சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது என்று அப்பாவுக்குத் தெரியும். இறுக மூடிய ரேடியேட்டரில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒன்றாகக் கொதித்துச் சீறும். குழாயே வெடித்துவிட்டது, இனி என்ன அழுத்தம் என்று நினைத்துவிட்டார். தங்கை விடாமல் அழுதாள், நானும் "சீக்கிரம், சீக்கிரம்" என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது. அவர் துணியைச் சுற்றித் திருகினார். உள்ளே மிச்சமிருந்தது அவர் வலது மணிக்கட்டில் கொட்டியது.

மறுநாள் தாத்தா வீட்டில் அப்பா கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து நீ கேட்டாய். முறுக்குச் சட்டி எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொன்னேன். காரைக் கண்டு நீ பயந்துவிடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னோம். நாற்பது ஆண்டுகளாகத் திருத்தவில்லை. அப்பா கையில் நீ இன்றும் பார்க்கும் தழும்பு அதுதான்.

வெந்த கையோடு அவர் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிச் சாலையோடு இறங்கிப் போனார். நான் கதவுகளைப் பூட்டிக்கொண்டு, ஜாக்கிக் கம்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நீ பின் இருக்கையில் கைலியைப் போர்த்திக்கொண்டு உறங்கினாய். அவர் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மேலிருந்து ஒவ்வொரு வண்டி இறங்கும்போதும் நிற்க வேண்டும் என்றும் வேண்டினேன், நிற்கக்கூடாது என்றும் வேண்டினேன்.

கடைசியில் நின்றது ஒரு லாரி. மலாய்க்கார ஓட்டுநர். பழைய டயர் டியூபிலிருந்து ஒரு பட்டையை அறுத்துக் குழாயின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினார். தன் தண்ணீரை ஊற்றி, அழுத்தம் ஏறாதபடி மூடியைத் தளர்த்தியே விட்டார். நீ அப்போதுதான் கண்விழித்தாய். உன் கையில் ஒரு கடலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். கோலகங்சார் வரை நமக்குப் பின்னாலேயே விளக்குக் காட்டிக்கொண்டு வந்தார். பேரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அந்தக் குறை இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

அப்பாவால் வலது கையை அசைக்க முடியவில்லை. இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். கிளட்சை மிதித்து "இரண்டு" என்பார், நான் கியரை இழுப்பேன். "மூன்று" என்பார், தள்ளுவேன். நீ இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டிக் கடலை தின்றபடி, நீயும் "மூன்று!" என்று கத்தினாய். அப்பா உனக்காகச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஐயா, நீ ஆசையோடு நினைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கியர் விளையாட்டு இதுதான். அது நடந்தது ஒரே ஓர் இரவு.

உன் நினைவை நான் பறிக்கவில்லை. அது உன்னுடையது, வைத்துக்கொள். பயம் உன்னிடம் வராமல் நாங்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்து மறைத்தோம். இன்று முன்னால் உட்காரப்போவது நீயும் மருமகளும். பின்னால் என் பேரன்.

அவனை எங்கே கட்டுவாய்? அந்தக் காரின் பின் இருக்கையில் இடைவார் (சீட் பெல்ட்) கிடையாது. பின்னால் இருப்பவர்களும் இடைவார் அணிய வேண்டும் என்று 2009இலேயே சட்டம் வந்துவிட்டது. குழந்தைக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். இடைவார் இல்லாத இடத்தில் அதை எதில் மாட்டுவாய்? அன்று நீ பின்னால் எழுந்து நின்று கைதட்டியதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு நடுங்குகிறது.

ஆகவே, வேலைக்கும் பயணத்துக்கும் அது வேண்டாம். பழையதை வாங்கினால் ஆறேழு ஆண்டுக்கு உட்பட்டதாகப் பார். புதிது வேண்டும் என்று கடனில் மூழ்கவும் வேண்டாம். சர்வீஸ் செய்த சீட்டுகள் அனைத்தையும் கேள், விற்பவரின் வாய்ச்சொல் போதாது. வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இஞ்சின் என்றால் அது எப்போது மாற்றப்பட்டது என்று எழுத்தில் பார். பல இஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும், அதோடு இஞ்சின் முடிந்தது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீரா, துருவைத் தடுக்கும் கூலன்டா என்று பார். நம் ஊரில் பனி இல்லையே என்று பலர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள், அது உள்ளிருந்து துருவேற்றும்.

வெள்ளத்தில் நின்ற கார்தானா என்பதைக் கட்டாயம் பார். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நீயே நேரில் கண்டாய். இடைவாரைக் கடைசி வரை இழுத்து முகர்ந்து பார், சேற்றுக் கோடும் பூஞ்சை வாடையும் அங்கேதான் தங்கும். உபரி டயரைத் தூக்கி அதன் பள்ளத்தில் விரலைவிட்டுத் தடவு. நன்கு கழுவிய காரிலும் அந்த இடத்தில் மண் இருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கார் ஓடவில்லை, டயர் புதிதுபோல் இருக்கிறது என்று சொன்னால் அந்த எண்ணைப் படித்துக்காட்டு. பிறகு நீ நம்பும் போர்மன் (மெக்கானிக்) ஒருவரிடம் பட்டறையில் தூக்கிப் பார்க்கச் சொல். அதற்கு ஆகும் பணத்தைக் கணக்குப் பார்க்காதே.

நீலக் காரை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனியாக வைத்துக்கொள்ள உனக்கு இடமும் பணமும் இருந்தால், அது வேறு பேச்சு. அப்பா அதற்குத்தான் ஆசைப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளை இன்று காலை அலமாரியிலிருந்து எடுத்து எண்ணெய் துடைத்து வைத்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வரும் சனிக்கிழமைக்கு பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் மின்சார ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டோம். நான்கு மணி நேரம் சொச்சத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் வந்துவிடுவோம். அந்தக் காரை அப்பா ஒரு முறை பார்க்கட்டும். அதுவரை விற்பவருக்கு முன்பணம் கொடுக்காதே.

பேரனின் உயரத்தையும் எடையையும் இன்றே அளந்து அனுப்பு. எந்தக் காரை வாங்கினாலும் அவன் இருக்கை என் செலவு.

அன்புடன்,
அம்மா