பி பக்கத்தில் மிச்சம்

கோத்தகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

முதலில் ஒரு மன்னிப்பு. மூன்று மாதமாக, நீ மாதாமாதம் அனுப்புகிற பாட்டுப் பட்டியலில் வரிசையே சரியில்லை, தலை எது வால் எது என்று தெரியாமல் அடுக்கியிருக்கிறாய் என்று போனில் திட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? முந்தாநாள் கீழ் வீட்டுப் பையன் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தான். இரண்டு அம்புக்குறி பின்னிக்கொண்ட மாதிரி ஒரு பட்டன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் பாட்டையெல்லாம் கலைத்துப் போடுமாம். "அங்கிள், அக்கா வச்ச வரிசையில நீங்க ஒரு தடவகூடக் கேக்கல" என்றான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் அப்படியே போயிற்று. நீ சீட்டை அடுக்கி அனுப்பியிருக்கிறாய். நான் கலைத்துப் போட்டு ஆடிவிட்டு, சீட்டு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மூன்றையும் முறையாகக் கேட்டேன். திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதிதான். மார்ச் பட்டியலில் முதல் மூன்று பாட்டும் ராக், மூன்றும் ஒரே ஓட்டம். அவ்வளவு தூக்கலாக ஆரம்பித்தால் பிறகு எங்கே போவது? மேட்டுப்பாளையம் பஸ் ஓட்டுகிற டிரைவர்களுக்கு கேசட் போட்டுக் கொடுத்த காலத்தில் நான் கற்றது அது. மலை இறங்கும்போது தாளம் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்த பிறகுதான் குத்துப் பாட்டு. இல்லாவிட்டால் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும் என்று டிரைவர்களே சொல்வார்கள்.

உனக்குக் கடை ஞாபகம் இருக்காது. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோதே அது ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. அதற்கு முன்னால் 'ரெக்கார்டிங் சென்டர்'. எட்டுக்குப் பத்து அறை, கேசட் பதிகிற டெக் இரண்டு, ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவர் முழுக்க எக்கோ கம்பெனி இசைத்தட்டு உறைகள். ஆட்கள் நோட்டுத் தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், நான் அதை 60 கேசட்டிலோ 90 கேசட்டிலோ ஏற்றிக் கொடுப்பேன். சட்டப்படி பார்த்தால் திருட்டு வேலைதான், ஊரெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. எஸ்டேட் கிளார்க்குகள், டாக்ஸிக்காரர்கள், ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு முன்னால் படுகப் பாட்டு கேட்டு வரும் பையன்கள். நீ இப்போது மாதாமாதம் செய்கிற வேலையை நான் தினம் பத்துப் பேருக்குச் செய்தேன். ஒரே வித்தியாசம், அந்தப் பட்டியல் என்னுடையது அல்ல.

இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்கென்று கொஞ்சம் இடம் இருந்தது.

60 கேசட் என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிடம். பாட்டு ஒவ்வொன்றும் நாலு, நாலரை நிமிடம். ஆறு பாட்டு போட்டால் மிச்சம் விழும், ஏழு போட்டால் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துவிடும். எந்தப் பட்டியலும் முப்பதுக்குச் சரியாக வராது. கடைசியில் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ நாடா சும்மா இருக்கும். நாடா ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். மூன்று நிமிடம் என்றால் எட்டரை மீட்டர், ஒன்றரைச் சேலை நீளம். அதை வெறுமனே விட எனக்கு மனசு வராது. என் இஷ்டத்துக்கு ஏதாவது போட்டு நிரப்புவேன். காசு வாங்க மாட்டேன், உறையில் எழுதவும் மாட்டேன்.

எம்.ஜி.ஆர். பாட்டாகவே கேட்ட ஒரு டிரைவருக்கு, மிச்ச இடத்தில் இளையராஜா 1986-இல் போட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து ஒரு வயலின் துண்டை வைத்து அனுப்பினேன். வி.எஸ்.நரசிம்மன் வாசித்தது. பத்து நாள் கழித்து அந்த ஆள் கடை வாசலில் வந்து நின்றார். "அண்ணா, கடைசியில என்னமோ பிடில் வருதே?" சரி, சண்டைக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். "அது முழுசா இருக்கா?" என்றார். எல்லோரும் அப்படியில்லை. ஒரு பெண், நான் கேட்காத பாட்டை எதற்கு ஏற்றினீர்கள், அழித்துக் கொடுங்கள் என்று கேசட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவளைத்தான் நீ அம்மா என்று கூப்பிடுகிறாய். இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஹிப்ஹாப் விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரிப் பட்டியலோடு நீ எழுதி அனுப்பிய குறிப்பை இரண்டு தடவை படித்தேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கில் பிராங்க்ஸ், கூல் ஹெர்க் என்ற பையன் தன் தங்கைக்காக நடத்திய பார்ட்டி, அங்கேதான் ஹிப்ஹாப் பிறந்தது என்று. அந்தப் பார்ட்டிகளில் அவர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி இரண்டு பிளேயரில் வைப்பது. பாடகர் வாயை மூடிக்கொண்டு டிரம்ஸ் மட்டும் வாசிக்கும் அந்தச் சில விநாடி ஒரு தட்டில் முடிந்ததும், அடுத்த தட்டில் அதே இடத்தை ஓடவிடுவது. அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்வது. ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் நிற்காது.

கண்ணு, அதை நானும் செய்திருக்கிறேன். சிரிக்காதே. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு டீச்சர் கரகாட்டப் பாட்டு கேட்டு வந்தார். முன்னால் வரும் தவில் எட்டு விநாடிதான். பிள்ளைகள் இருபது பேர் மேடையேற ஒரு நிமிடமாவது வேண்டும் என்றார். இந்த டெக்கில் தவில் துண்டை ஓடவிட்டு, அந்த டெக்கில் பதிவை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, துண்டு முடியும் இடத்தில் அமுக்கி, திரும்பச் சுற்றி, மறுபடி விடுவித்து, மறுபடி அமுக்கி, இப்படி எட்டு தடவை. ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. ஒட்டு விழுந்த இடத்தில் எல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம். விழாவில் அந்த 'டப்'புக்கும் சேர்த்துப் பிள்ளைகள் காலை உதைத்து ஆடினார்கள். அமெரிக்காவிலும் பையன்கள் ஆரம்பத்தில் இப்படித்தான் பாஸ் பட்டனில் பாட்டு செய்தார்கள் என்று நீ சொன்னபோது, யாரோ தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

ஆனாலும் ராப் எல்லாமே எனக்கு ஒட்டவில்லை. கென்ட்ரிக் லமாருக்கு 2018-இல் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள் என்றாய். கொடுக்கட்டும். எனக்கு நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பிடிபடுகிறது, அந்த ஒரு வார்த்தையும் பாதி நேரம் கெட்ட வார்த்தை. நம்ம தமிழ் ராப் பாடகர் அறிவு பாடுவது வேறு. அந்தப் பையனின் பாட்டி சிலோன் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று தெரிந்த பிறகு கேட்டால் வேறு மாதிரி கேட்கிறது. டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைனிலிருந்து நம் வீட்டுக்கு வருகிற அம்மாவும் 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் இங்கே வந்து சேர்ந்த குடும்பம்தானே. பாத்திரம் தேய்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்தத் தம்பி ஏன் இப்படி அவசரப்படுது? நிதானமாச் சொன்னா நாமளும் கூட அழுவோமில்ல" என்றார். விமர்சனம் என்றால் அது.

பிப்ரவரியில் நீ எனக்கு வைத்த பொறி நன்றாக வேலை செய்தது. எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசத்தின் பாட்டு. என்னடா இந்தப் பெண் காரை முட்டிவிடுகிற மாதிரி பாடுகிறாளே என்று அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஓடுவது நம்ம 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு'! 1992 பொங்கலுக்கு அந்தப் பாட்டை எத்தனை கேசட்டில் ஏற்றினேன் என்று கணக்கே இல்லை, தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பிளாக் ஐட் பீஸ் என்கிற அமெரிக்கக் குழு எடுத்துக்கொண்ட 'ஸ்ரீராகவேந்திரர்' படப் பாட்டையும் அனுப்பு என்று நான் சொன்னபோது, "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாயே. ரஜினியின் நூறாவது படம், தெரியாமல் இருக்குமா? அப்புறம் ஒன்று. மாதங்கி அருள்பிரகாசம் 2005-இல் போட்ட முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், 2007-இல் போட்டதற்குத்தான் அம்மா பெயர். இந்த வரிசை மட்டும் எனக்கு முழுத் திருப்தி.

மார்ச் பட்டியலின் கடைசியில் நீ வைத்த நிக் டிரேக் பாட்டுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். ஒரு இடத்தில் மட்டும் பியானோ எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. சரி என்று அந்த 'பிங்க் மூன்' ஆல்பம் முழுவதையும் தேடிக் கேட்டேன். 1971 அக்டோபரில் இரண்டே ராத்திரியில் பாடி முடித்தாராம். 1974-இல் இறந்துபோனார், இருபத்தாறு வயது. உயிரோடு இருந்தவரை அந்த இசைத்தட்டை வாங்க ஆளில்லை. கடைக்காரன் புத்தி, இதையெல்லாம் படிக்கும்போதே கண் மொத்த நேரத்தைப் பார்த்தது. இருபத்தெட்டு நிமிடம், சொச்சம். 60 கேசட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்!

அதற்கப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பரணிலிருந்து டெக்கை இறக்கினேன். உள்ளே பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூருக்கு எடுத்துப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். கேசட்தான் பெரிய பாடு. நம் ஊர் ஈரத்துக்கு எல்லாவற்றிலும் பூஞ்சை. பக்கவாட்டில் பார்த்தால் நாடாச் சுற்றின்மேல் வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரி. அந்தக் காலத்தில் கேசட் அலமாரிக்குள் ராப்பகலாக நாற்பது வாட் பல்ப் எரியும், கரண்ட் பில்லுக்கு உன் தாத்தா முணுமுணுப்பார். ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, தூக்கிப் போட மனசில்லை. அதில் தேறியது ஒன்றே ஒன்று. யாரும் அழிக்காமலிருக்க முதுகில் உடைத்திருந்த பல்லின் ஓட்டை மேல் செலோடேப் ஒட்டி, ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, போனிலிருந்து ஆக்ஸ் ஒயர் கொடுத்து, நேற்று ராத்திரி அந்த ஆல்பத்தை பி பக்கத்தில் ஏற்றினேன். ஏ பக்கத்தைத் தொடவில்லை. யாரோ ஒருவர் ஆசையாக எழுதிக் கொடுத்த ஆறு பாட்டு அதில் இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுகோள். நீ அனுப்புகிற பட்டியலுக்கு முப்பது நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், அது தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு மாதமும் கடைசியில் ஒரு மூன்று நிமிடத்தை எனக்கென்று காலியாக விடு. நான் சொல்கிற பாட்டை அதில் போட்டு அங்கே டப்ளினில் உன் சிநேகிதிகளுக்கும் அனுப்பு. என் பெயர் எல்லாம் வேண்டாம். என்ன பாட்டு என்று ஒருத்தி கேட்டால் போதும்.

அந்தக் கேசட்டிலும் ஒன்றரை நிமிடம் மிச்சம் விழுந்தது. என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டே பழைய மைக் வேலை செய்கிறதா என்று செருகிப் பார்த்தேன், ரெக்கார்ட் பட்டன் அமுங்கியே இருந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் காட்டுமாடு ஒன்று பீன்ஸ் பாத்தியில் வந்து நின்றது. உன் அம்மா ஜன்னலைத் திறந்து அதை மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல் விசாரித்தாள். போன வாரம்தானே முட்டைக்கோஸைத் தின்றாய், உனக்கு வேறு வீடே இல்லையா என்று. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏங்க, அதை நோண்டினது போதும், அந்த டார்ச்ச எடு" என்றதோடு நாடா தீர்ந்து டெக் டக்கென்று நின்றுவிட்டது. கேட்டுப் பார்த்தேன், லெவல் சரியாக விழுந்திருக்கிறது. ஜூனில் வரும்போது போட்டுக் காட்டுகிறேன். அவளிடம் இப்போதைக்குச் சொல்லாதே, அழிக்கச் சொல்வாள்.

அப்பா